பனிக்காலத்தில் எவ்வளவு மெதுவாக ஓட்டுவது?

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர். ஐந்து வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன், அமெச்சூர் போட்டிகளில் கலந்துகொள்கிறேன். வாரத்துக்கு 9 மணி நேரம் ஓட்ட முடிகிறது. பிப்ரவரி கடைசி ஞாயிறு ஒரு மலையேற்றப் போட்டி இருக்கிறது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற எனக்கு ஆகும் நேரம் இரண்டு வருடமாக 1 மணி 52 நிமிடத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. கால் எப்போதும் கனமாக இருக்கிறது. செங்குத்தான இடங்களில் முட்டிக்கு முன்பக்கம் வலிக்கிறது. குளிர்காலம் மூன்று மாதமும் வீட்டுக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்டாண்ட்) மெதுவாக மட்டுமே ஓட்ட வேண்டும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிறார்கள். ஒரு வாரம் விட்டாலும் உடம்பில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? தவணையில் ஸ்மார்ட் ட்ரெய்னர் வாங்கலாமா? ஜிம் தேவையா? தீபாவளி முடிந்தால் வருடா வருடம் 3 கிலோ ஏறிவிடுகிறது. அரிசியை நிறுத்திவிடலாமா?

தம்பிக்கு வணக்கம்.

கடிதத்தோடு இரண்டு மாத ஹார்ட் ரேட் பதிவையும் அனுப்பியிருந்தீர்கள். உங்கள் கேள்விகளைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை சராசரி 152. வியாழன் 155. ஞாயிறு குரூப் ரைடு 157. ‘சும்மா காலை ஆட்டிவிட்டு வந்தேன்’ என்று குறித்திருக்கும் சனிக்கிழமைகூட 149. உங்கள் உச்சத் துடிப்பு 184 என்று அதே பதிவில் இருக்கிறது. ஆக, இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் ஓட்டிய அத்தனை ரைடும் உச்சத்தின் 81 முதல் 85 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. இதமாக ஓட்டிய நாள் ஒன்றுகூட இல்லை. மூச்சு முட்ட ஓட்டிய நாளும் ஒன்றுகூட இல்லை. கோத்தகிரி நேரம் அசையாமல் நிற்பதற்கும், கால் கனத்துக்கும் முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வீடியோக்களில் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது அவர்கள் ஊர்க் கணக்கு. ஐரோப்பாவின் பெரிய சாலைப் போட்டிகள் அக்டோபரில் இத்தாலியின் லொம்பார்டியா போட்டியோடு ஓய்கின்றன. பெல்ஜியத்தில் மறுபடி சூடு பிடிப்பது பிப்ரவரி கடைசியில். நடுவில் ரோட்டில் பனிக்கட்டி, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. வேறு வழி இல்லாமல்தான் வீட்டுக்குள் ஓட்டுகிறார்கள். தொழில்முறை அணிகளைப் பாருங்கள், டிசம்பரிலும் ஜனவரியிலும் ஸ்பெயினில் கால்பே பக்கம் போய் முகாம் போடுகின்றன. அங்கே வெய்யில் இருக்கிறது, வெளியே ஐந்து மணி நேரம் ஓட்டலாம், அதற்காகத்தான். அவர்கள் விமானம் ஏறித் தேடிப் போகிற வானிலை நமக்கு மார்கழியில் காங்கேயம் ரோட்டிலேயே கிடைக்கிறது. அதை விட்டுவிட்டு நாம் ஏன் அறைக்குள் உட்கார வேண்டும்?

நம் பக்கத்தில் சைக்கிள்காரனுக்கு வருடம் வேறு மாதிரி சுற்றுகிறது. சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர்ப் பக்கம் வெய்யில் 40 டிகிரியைத் தொடும். ஒன்பது மணிக்கு மேல் ரோட்டில் இருக்க முடியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் ஆளையே தள்ளும்; காற்றாலைகளை அங்கே நட்டதே அதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. மார்கழி பிறந்தால் மழை விட்டுவிடும், காற்று அடங்கிவிடும், விடியக்காலம் 18, 20 டிகிரிதான் இருக்கும். நீண்ட தூரம் ஓட்ட வருடத்தில் இதைவிட நல்ல இரண்டு மாதம் நமக்கு வாய்க்காது. எனவே நீங்கள் ஓய்வெடுக்க வேண்டியது ஐப்பசி மழையில். மார்கழி, தை உழைக்கிற காலம்.

கடிதம் ஐப்பசி பிறந்த வாரத்தில் கைக்கு வந்தது. போட்டிக்கு இன்னும் 18 வாரம் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் சைக்கிளைத் தொடாதீர்கள். குழந்தைகளோடு நடங்கள், வாய்ப்பிருந்தால் கிணற்றில் நீந்துங்கள், நன்றாகத் தூங்குங்கள். எல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஓட்டுவதை நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவின் அளவு. அதனால் திரும்பி வந்த முதல் சில நாள் துடிப்பு வழக்கத்தைவிட ஏறிக் காட்டும். ஓட்ட ஓட்ட அது சீக்கிரமே சரியாகிவிடும். மூன்று வாரம் முழுதாக விட்டால் உச்சத் திறனில் சில சதவீதம் குறையும், அதையும் திரும்பப் பிடித்துவிடலாம். ஐந்து வருடம் ஓட்டிச் சேர்த்த அடித்தளம் இரண்டு வாரத்தில் கரைந்துவிடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முப்பது வயதுக்கு முன்னால் ஒரு வருடம், கூட ஓட்டுகிறவன் ஓய்வெடுக்கவில்லையே என்று நானும் ஐப்பசி மழையில் விடாமல் ஓட்டினேன். மாசியில், போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் எழுந்ததும் 48 இருக்க வேண்டிய நாடி 58 இருந்தது. தூக்கம் வரவில்லை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனை தாண்டியதும் சைக்கிளை விட்டு இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அந்த வருடப் போட்டி அங்கேயே முடிந்தது. உங்கள் கடிதத்தில் ‘கால் எப்போதும் கனமாக இருக்கிறது’ என்று படித்ததும் அந்த இடம்தான் கண் முன்னால் வந்தது. தினமும் எழுந்தவுடன், படுக்கையிலேயே, நாடியைப் பிடித்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடி இரண்டு நாள் அப்படியே நின்றால், அன்றைக்கு என்ன பயிற்சி எழுதியிருந்தாலும் ஓட்ட வேண்டாம்.

இரண்டு வார ஓய்வுக்குப் பிறகும் கால் கனம் தீரவில்லை என்றால் அதைப் பயிற்சிக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவரைப் பார்த்து ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு), பி12, வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு குறைந்து போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் எந்தப் பயிற்சி அட்டவணையும் வேலை செய்யாது.

அப்புறம்தான் முக்கியமான பகுதி. ஐப்பசி நடுவிலிருந்து பொங்கல் வரைக்கும் ஒன்பது வாரத்துக்கு மேல் கிடைக்கிறது. இந்த ஒன்பது வாரமும் உங்கள் துடிப்பு 135-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் உச்சத்தில் அது 73 சதவீதம். பக்கத்தில் ஓட்டுபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் அது. முதல் வாரம் சிரமமாக இருக்கும். காலுக்கு வேலையே இல்லாதது போலத் தோன்றும். ஊத்துக்குளி ரோட்டில் சின்ன மேடு வந்தாலே 140 காட்டும். கியரைக் குறைத்து, வேகத்தை விட்டுக்கொடுத்து ஏற வேண்டியிருக்கும். பால் கேன் கட்டிய எக்ஸெல் வண்டிதான் தாண்டிப் போகும் என்றில்லை, அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடப் பையனும் முந்திக்கொண்டு போவான். போகட்டும், விடுங்கள். உங்கள் பின்னாலேயே வந்து நானே பிடித்து நிறுத்த ஆசைதான். அது முடியாது என்பதால் வாட்சில் 135-க்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களைச் சோதிக்க இப்படிச் சொல்லவில்லை. நீண்ட நேரம் மெதுவாக ஓட்டும்போதுதான் தசைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது, அதைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன, கொழுப்பை எரித்துச் சக்தி எடுக்க உடம்பு பழகுகிறது. அப்படிப் பழகிய உடம்பு தசையில் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைக்கோஜனைக் கடைசி ஏற்றத்துக்கு மிச்சம் வைக்கும். 150-க்கு மேல் ஓட்டினாலும் இதெல்லாம் நடக்கும்தான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை, அடுத்த நாள் வரை ஆறாத களைப்பு. அந்தக் களைப்போடு செவ்வாய்க்கிழமை கடுமையாக ஓட்டப் போனால் கடுமை வராது, 155-லேயே நிற்கும். உங்கள் பதிவில் இருப்பது அதுதான். நார்வேயில் பணியாற்றும் உடலியங்கியல் ஆய்வாளர் ஸ்டீஃபன் சீலர், உச்சநிலை வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்து, அவர்களுடைய பயிற்சியில் சுமார் 80 சதவீதம் மெதுவானது என்று கவனப்படுத்தினார். உலகத்திலேயே வேகமானவர்கள் பெரும்பாலான நாள் நம்மை மாதிரி ஆட்களும் பேசிக்கொண்டே கூட ஓட்டக்கூடிய அளவு முயற்சியில்தான் ஓட்டுகிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் வீடியோக்களிலிருந்து நான் விலகுகிறேன். மெதுவாக மட்டுமே ஓட்டு என்பது வாரம் 20 மணி நேரம் ஓட்டக்கூடியவருக்குச் சரி. 9 மணி நேரக்காரருக்கு அது போதாது. அதனால் பத்து நாளுக்கு ஒரு முறை மட்டும் 135-ஐ விட்டுவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்த காலையில், சூடேறிய பிறகு ஒரு நிமிடம் முழு வேகம், மூன்று நிமிடம் இதம் என்று ஆறு தடவை ஓட்டுங்கள். கால் வேகத்தை மறக்காமல் இருக்க அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை ரைடு மூன்று மணி நேரத்தில் தொடங்கி நாலரை வரை மெல்ல நீளட்டும். ஊத்துக்குளி, சென்னிமலை, காங்கேயம் என்று சுற்றி வந்தால் ஏற்ற இறக்கமும் உண்டு, லாரித் தொந்தரவும் அவிநாசி ரோடு அளவுக்கு இருக்காது. குரூப் ரைடுக்கு மாதம் ஒரு ஞாயிறு போனால் போதும். நட்பு வேண்டும், நானும் மறுக்கவில்லை. ஆனால் பல்லடம் தாண்டியதும் யாராவது ஒருவர் வேகத்தைக் கூட்டுவார், அவரை விடக் கூடாது என்று எல்லோரும் ஓடுவீர்கள். அந்த 157 அங்கிருந்துதான் வருகிறது.

முன்னேற்றத்தை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே ரோடு, அதே விடியக்காலம், அதே 135. முதல் பாதியின் சராசரி வேகம், இரண்டாம் பாதியின் சராசரி வேகம், இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். போன வேகத்தையும் வந்த வேகத்தையும் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே வட்டத்தை இரண்டு தடவை சுற்றுவது நல்லது, காற்றும் மேடும் ஏமாற்றாது. இப்போது இரண்டாம் பாதியில் நன்றாகவே வேகம் விழும். அந்த இடைவெளி 5 சதவீதத்துக்குள் வந்து, முதல் பாதி வேகமும் கூடியிருந்தால் அடித்தளம் அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஷிப்மென்ட் நெருக்கடியில் ராத்திரி பதினொரு மணிக்கு வீடு திரும்பினால், காலை நாலரைக்கு அலாரம் வைக்க வேண்டாம். தூங்குங்கள். அந்த ஒரு மணி நேர ரைடு தருவதைவிட ஆறு மணி நேரத் தூக்கம் அதிகம் தரும்.

முட்டி வலிக்கு வருகிறேன். செங்குத்தில் நிமிடத்துக்கு 55 சுற்றுதான் மிதிக்க முடிகிறது என்றும், பின் கேசட்டில் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) பெரிய பல்சக்கரம் 28 பல் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த இடத்திலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் முட்டிச் சில்லு மேல் விழும் பாரம் அதிகம். 32 அல்லது 34 பல் உள்ள கேசட்டுக்கு மாறுங்கள். உங்கள் பின் டீரெய்லியர் (சங்கிலியைப் பல் மாற்றும் பாகம்) அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செங்குத்திலும் 75 சுற்றாவது வர வேண்டும். சீட் உயரத்தையும் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் சீட் தாழ்வு. ஒரேயடியாக ஏற்றாமல் மூன்று மூன்று மில்லிமீட்டராக ஏற்றுங்கள். மூன்று வாரத்தில் வலி குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.

ஜிம் அவசியம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. கனமான எடைப் பயிற்சி சைக்கிள்காரர்களின் மிதியைச் சிக்கனமாக்குகிறது என்பது நார்வேயில் நடந்த ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. சைக்கிளில் எலும்பின் மேல் அதிர்வே விழுவதில்லை. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்து போகலாம். 36 வயதில் இதைக் கவனித்தாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், நாற்பது நிமிடம். ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஸ்டெப் அப் மூன்றும் போதும். முதல் நாலு வாரம் லேசான எடையில் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் ஐந்தாறு தடவைக்கு மேல் தூக்க முடியாத எடைக்குப் போகலாம். பொங்கலுக்குப் பிறகு வாரம் ஒரு நாள்.

ஸ்மார்ட் ட்ரெய்னரைத் தவணையில் வாங்க வேண்டாம். மழை விடாத கார்த்திகை நாளுக்கும், நேரம் கெட்ட ஷிஃப்ட்டுக்கும் பழைய சாதா ட்ரெய்னர் ஒன்று கிடைத்தால் போதும். அதற்கும் பெரிய ஃபேன் ஒன்று எதிரில் வேண்டும். காற்று இல்லாமல் நம் ஊர் அறையில் ஓட்டினால் உடம்பு சூடாகித் துடிப்பு தானாக ஏறிவிடும், 135 என்ற கணக்கே கெட்டுவிடும். வியர்வை உப்பு ஹேண்டில் போல்ட்டுகளைத் துரு ஏற்றும், மேலே ஒரு துண்டு போட்டுக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணத்தில் முதலில் கேசட், அடுத்து நெஞ்சில் கட்டும் ஹார்ட் ரேட் பெல்ட், அடுத்து நல்ல முன்விளக்கு, பின்விளக்கு. மணிக்கட்டு வாட்ச் மேடுபள்ள ரோட்டில் தப்பாகக் காட்டும்.

அரிசியை நிறுத்தாதீர்கள். மலை ஏறுவதற்கான எரிபொருள் அதுதான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் ரைடில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். மிச்சத்துக்குப் பாட்டிலில் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை மூன்று பெரிய ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சை. விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டில் தேடுகிற குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சர்க்கரையிலேயே சேர்ந்து இருக்கின்றன; இரண்டும் குடலில் வேறு வேறு வழியில் உறிஞ்சப்படுவதால் வயிறு தாங்கும். திரும்பி வந்ததும் நம் வீட்டு அரிசிம்பருப்புச் சாதமும் இரண்டு முட்டையும் சாப்பிட்டால் அதைவிடச் சிறந்த உணவை நான் சொல்லித் தர முடியாது. ஓய்வு வாரத்தில் ஒரு கிலோ ஏறினால் ஏறட்டும். இறக்குவது கார்த்திகை, மார்கழியில் நடக்கட்டும், வாரம் 300 கிராமுக்கு மேல் வேண்டாம். ராத்திரி புரோட்டாவையும் பலகாரத் தட்டையும் தள்ளி வைத்தாலே அது நடக்கும். பொங்கலுக்குப் பிறகு எடை குறைக்கும் பேச்சே கூடாது.

பொங்கல் முடிந்ததும் ஐந்து வாரம் கடுமை. அப்போது உண்மையிலேயே கடுமையாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை எட்டு நிமிடம் வீதம் நாலு தடவை, நடுவில் இரண்டு நிமிடம் இதம், துடிப்பு 166 பக்கம் நிற்க வேண்டும். நாலாவது தடவை முதல் தடவையைவிட மெதுவாகிவிட்டால் தொடக்கத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை சிவன்மலைப் பாதையில் சின்னச் சின்ன ஏற்றங்கள். செவ்வாயும் கிருத்திகையும் அங்கே கூட்டம் இருக்கும், அந்த நாளைத் தவிருங்கள். கோத்தகிரியை முழு மூச்சாக ஒரே ஒரு தடவை, போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் ஏறிப் பாருங்கள். வாரா வாரம் கடிகாரத்தோடு சண்டை போட்டதை இந்த வருடம் விட்டுவிடுங்கள். கடைசி பத்து நாள் ஓட்டும் நேரம் பாதியாகக் குறையட்டும், வேகமான சிறு ஓட்டங்கள் மட்டும் இருக்கட்டும்.

கோத்தகிரி போகிற நாளில் நன்றாக விடிந்த பிறகு மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்புங்கள். தையில் ஆறரை மணிக்கு மேல்தான் வெளிச்சம் வருகிறது, அந்தக் காட்டு ரோட்டில் யானை நடமாட்டம் உண்டு. இறங்கும்போது வியர்த்த உடம்பில் குளிர்க் காற்று அடிக்கும். மேலே டீக்கடையில் ஒரு பழைய பேப்பர் கேட்டு வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்குங்கள். இன்னொன்று, தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் காங்கேயம், தாராபுரம் ரோடெல்லாம் பழனிக்கு நடந்து போகிறவர்கள் நிறைந்திருப்பார்கள். இருட்டோடு, வெறுங்காலோடு, ரோட்டின் ஓரத்தில் வரிசையாகப் போவார்கள். நாம் ஓட்டும் இடமும் அதே ஓரம்தான். அந்த நாட்களில் விடிந்த பிறகு கிளம்புங்கள், மணி அடித்துக்கொண்டே மெதுவாக விலகிப் போங்கள், அல்லது சென்னிமலைப் பக்கம் திரும்பிவிடுங்கள்.

பொங்கல் முடிந்த வாரம் எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்த நோட்டில் குறித்த வேகக் கணக்கையும், காலை நாடியையும், முட்டி எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். ஐந்து வாரக் கடுமைக்கு நீங்கள் தயாரா, இன்னும் இரண்டு வாரம் மெதுவாகவே போக வேண்டுமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.